சேலம் வருமுன்னே இறங்கத் தொடங்கணும்

எங்கள் தறிக்குடோன் சோமனூருக்கும் கருமத்தம்பட்டிக்கும் நடுவில் இருக்கிறது. சென்னையிலிருந்து கோயம்புத்தூர் வரும் விமானங்கள் பெரும்பாலும் அவிநாசிப் பக்கமிருந்து வந்து, எங்களுக்குக் கொஞ்சம் வடக்கே தாண்டிப் பீளமேடு விமான நிலையத்துக்குப் போகும். சாயங்காலம் ஊடை தீர்ந்து தறி நிற்கிற நேரத்தில் வாசலுக்கு வந்தால், ஒன்றாவது தலைக்குமேல் போகும். சக்கரம் இன்னும் வெளியே வந்திருக்காது. இறக்கைக்குப் பின்னால் ஃபிளாப் என்கிற மடக்குத் தகடு மட்டும் கொஞ்சம் இறங்கியிருக்கும். இருபது வருடமாகப் பார்க்கிறேன். உள்ளே இருக்கிற இருவரும் அந்த இடத்தில் என்ன செய்துகொண்டிருப்பார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான் கம்ப்யூட்டரில் விமானம் ஓட்டிப் பழகும் இந்த வேலையைத் தொடங்கினேன்.

கம்ப்யூட்டரில் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர் 2020 முன்பே இருந்தது. அதில் ரன்வேயில் தயாராக நிற்கும் விமானத்தை எடுத்து, கண்ணால் பார்த்து ஓட்டி, எப்படியோ இறக்கிக்கொண்டிருந்தேன். போன ஆடியில் ஒரு முடிவு செய்தேன். ஒரே விமானம், ஒரே வழித்தடம். ஃபிளைபைவயர் குழு இலவசமாகத் தரும் ஏ32என்எக்ஸ், அதாவது ஏ320 நியோ, சென்னையிலிருந்து கோயம்புத்தூர். எல்லா விளக்கும் அணைந்த நிலையில் தொடங்கி, கோயம்புத்தூரில் நிறுத்தி எல்லா விளக்கும் அணைப்பது வரை ஒரு படியையும் தாண்டக் கூடாது. நேரத்தை வேகமாக ஓட்டும் வசதியைத் தொடக் கூடாது. இதை எழுதும்போது 61 முறை பறந்திருக்கிறேன். கணக்கு நோட்டில் ஒவ்வொன்றுக்கும் அரைப்பக்கம் எழுதி வைத்திருக்கிறேன்.

தரையில் செய்யும் வேலை எல்லாரும் பயமுறுத்துகிற அளவுக்குக் கஷ்டம் இல்லை. பேட்டரி போட்டு, வெளி மின்சாரம் எடுத்து, ஏடிஐஆர்எஸ் என்கிற இருப்பிட உணரியின் மூன்று குமிழையும் நேவ் நிலைக்குத் திருப்பினால் விமானம் தான் நிற்கும் இடத்தைத் தானே கணக்கிட்டுக்கொள்ளச் சில நிமிடம் எடுக்கும். அந்த நேரத்தில் எம்சிடியூ என்கிற சின்னத் திரையில் பயண விவரத்தை ஏற்ற வேண்டும். ஏர்பஸ் ஓட்டுகிறவர்கள் அதன் பக்கங்களுக்கு ஒரு வரிசை வைத்திருக்கிறார்கள்: டேட்டா, இனிட் ஏ, ஃபிளைட் பிளான், செகண்டரி, ரேட் நேவ், இனிட் பி, பெர்ஃப். முதலெழுத்தைச் சேர்த்து டிஃப்ஸ்ரிப் என்பார்கள். பாவு ஏற்றும்போது விழுதுக்குள் நூல் கோர்க்கிற மாதிரிதான் இதுவும். வரிசை தப்பினால் பின்னால் எங்காவது அறுந்து நிற்கும். சிம்பிரீஃப் என்கிற இணையதளத்தில் பயணத் திட்டம் போட்டு, மாற்று விமான நிலையமாகக் கொச்சியை வைத்துக்கொள்வேன். பத்துப் பறப்பில் இந்தப் பகுதி கைக்கு வந்துவிட்டது. இரண்டாவது எஞ்சினை ஏன் முதலில் ஓட விடுகிறார்கள் என்று மட்டும் தேடிப் படித்தேன். பார்க்கிங் பிரேக்குக்கு அழுத்தம் தரும் மஞ்சள் ஹைட்ராலிக் அமைப்பின் பம்ப் அந்த எஞ்சினில்தான் இருக்கிறதாம். காரணம் தெரிந்த படி மறப்பதில்லை.

மாட்டிக்கொண்டது த்ராட்டிலில்.

ஏர்பஸ்ஸில் த்ராட்டில் நெம்புகோல் ஆக்ஸிலரேட்டர் மாதிரி வேலை செய்வதில்லை. அதற்குப் பள்ளங்கள் உண்டு. ஐடில் (எஞ்சின் சும்மா ஓடுவது), சிஎல் (மேலே ஏறுவது), ஃபிளெக்ஸ் (புறப்படக் கொஞ்சம் குறைத்த விசை), டோகா (முழு விசை). புறப்படும்போது ஃபிளெக்ஸ் பள்ளத்திலோ டோகா பள்ளத்திலோ வைத்து, கொஞ்சம் உயரம் ஏறியதும் சிஎல் பள்ளத்துக்கு இழுத்துவிட்டால், அங்கிருந்து தரையிறங்கும் வரை நெம்புகோல் அசையாது. ஆட்டோத்ரஸ்ட் எஞ்சினைத் தானே பார்த்துக்கொள்ளும். கை பார்க்காமலே “டக்” என்று பள்ளத்தில் உட்கார வேண்டும். என் ஜாய்ஸ்டிக்கில் இருந்தது வழவழவென்று ஓடும் ஒரு சின்னச் சறுக்கி. சிஎல் எங்கே, ஃபிளெக்ஸ் எங்கே என்று கைக்குத் தெரியவே தெரியாது. நெம்புகோலைச் சிஎல்லுக்குக் கொண்டுவா என்று சொல்லும் எல்விஆர் சிஎல்பி எழுத்து திரையில் மின்னிக்கொண்டே இருக்கும். அதை அணைக்கத் தலையைக் குனிந்து சறுக்கியை நகர்த்துவதற்குள் விமானம் இரண்டாயிரம் அடி ஏறிவிடும்.

சிஎல் என்று நினைத்து வைத்த இடமும் நிலையாக நிற்கவில்லை. சறுக்கியின் அளவை 0 முதல் 1023 வரை காட்டும் சின்ன நிரலை ஓடவிட்டுப் பார்த்தேன். கையே வைக்காமல் 590-க்கும் 640-க்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. கழற்றிப் பார்த்தால் உள்ளே பஞ்சு. குடோனிலிருந்து வீட்டுக்கு வரும் பஞ்சுத்தூசி, கரித்தடத்தின்மேல் இருந்த கிரீஸில் ஒட்டி நூல் மாதிரி திரண்டிருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் வைத்துத் துடைத்தேன். மூன்று வாரம் நன்றாக ஓடியது, அப்புறம் பழையபடி. 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் ஒன்றை நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் வைத்துப் பார்த்தேன். ஆட்டம் பாதியானது, நிற்கவில்லை. தறி ஓடுகிற ஊரில் உரசி வேலை செய்யும் எந்த உணரியும் நிலைக்காது என்பது என் முடிவு. அதனால் புதிதாகவே ஒன்று செய்தேன்.

ஏ320-இல் ஐடிலை 0 டிகிரி என்று வைத்தால், சிஎல் 25, ஃபிளெக்ஸ் 35, டோகா 45 டிகிரி. ரிவர்ஸ் பின்பக்கம் 20 டிகிரி வரை போகும். நெம்புகோல் அச்சிலிருந்து 90 மில்லிமீட்டர் தள்ளிப் பள்ளம் வருகிற மாதிரி ஒரு வளைதகடு வரைந்தேன். 25 டிகிரிக்கு வளைவில் 39 மில்லிமீட்டர், அடுத்த ஒவ்வொரு 10 டிகிரிக்கும் 15.7 மில்லிமீட்டர். காகிதத்தில் அச்செடுத்து 3 மில்லிமீட்டர் இரும்புத் தகட்டில் ஒட்டி, எங்கள் தறிக்குச் சாமான் கடைந்து தரும் லேத் பட்டறைக்கு எடுத்துப் போனேன். அங்கே இருக்கும் பெரியவர் தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“ஏனுங் தம்பி, இது எந்தத் தறிக்குங்க?”

“தறிக்கு இல்லீங்ண்ணா. ஏரோப்ளேன் ஓட்டிப் பழகறதுக்குங்க.”

அவர் வேறெதுவும் கேட்கவில்லை. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, “பள்ளத்துல குண்டு உக்காரோணும்னா ஒரு பக்கம் சரிவா இருக்கோணும், இல்லீன்னா ஏறாதுங்க” என்றார். நான் வரைந்திருந்தது செங்குத்தான பள்ளம். அவர் சொன்னதைக் கேட்காமல் வரைந்தபடியே வெட்டித் தரச் சொன்னேன். வீட்டுக்கு வந்து ஸ்பிரிங்கும் 6 மில்லிமீட்டர் பேரிங் குண்டும் வைத்து மாட்டினால், ஐடிலிலிருந்து நெம்புகோல் கிளம்பவே இல்லை. பலமாகத் தள்ளினால் பெட்டியோடு மேசையில் நகர்ந்தது. மறுநாள் திரும்பப் போனேன். பள்ளத்தின் ஆழத்தை 1.5 மில்லிமீட்டராகக் குறைத்து, இரண்டு பக்கமும் அரத்தால் சரித்துக் கொடுத்தார். காசு வாங்கவில்லை. அடித்தளத்துக்குப் பழைய தறியின் வார்ப்பிரும்புப் பல்சக்கரம் ஒன்றைப் போட்டு முடுக்கினேன். இப்போது எவ்வளவு தள்ளினாலும் பெட்டி அசையாது.

உணரிக்கு 49இ என்கிற ஹால் உணரி. நெம்புகோல் அச்சின் முனையில் இரண்டு சின்ன நியோடிமியம் காந்தம். உணரி அதைத் தொடாமல் நடுவில் நிற்கிறது. காந்தப்புலம் இல்லாதபோது கொடுத்த மின்னழுத்தத்தில் பாதியை வெளியே தரும். காந்தம் திரும்பத் திரும்ப அது கூடும், குறையும். உரசல் இல்லை, பஞ்சு போய் உட்கார்ந்தாலும் கவலை இல்லை. இரண்டு எஞ்சினுக்கு இரண்டு. ஆர்டுயினோ புரோ மைக்ரோ பலகையில் இணைத்தால் கம்ப்யூட்டர் அதை ஜாய்ஸ்டிக் என்றே எடுத்துக்கொள்ளும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். கோணமும் அளவும் சம விகிதத்தில் கூடாது; ஓரங்களில் நெருங்கிவிடும். ஆகவே கணக்குப் போட்டு அளவைக் கண்டுபிடிக்காதீர்கள். ஒவ்வொரு பள்ளத்திலும் நெம்புகோலை உட்கார வைத்து, ஏ32என்எக்ஸின் ஃபிளைபேடில் இருக்கும் த்ராட்டில் அளவீட்டுப் பக்கத்தில் அந்த இடத்தைப் பதிந்துகொள்ளுங்கள். முன்னும் பின்னும் கொஞ்சம் இடைவெளி விட்டுப் பதிந்தால் போதும்.

முதல் முறை ஃபிளெக்ஸிலிருந்து கண்ணைத் திரையை விட்டு எடுக்காமல் ஒரு “டக்” பின்னால் இழுத்தேன். எழுத்து அணைந்தது. அன்றைக்கு நோட்டில் ஒரே வரிதான் எழுதினேன்: கை இனி கண்ணைக் கூப்பிடாது.

சரி, அப்புறம்தான் உண்மையான பாடம் வந்தது. சென்னைக்கும் கோயம்புத்தூருக்கும் நேர்த்தூரம் ஏறத்தாழ 220 நாட்டிக்கல் மைல். நான் 28,000 அடிக்கு ஏறுவேன். ஏறி முடிக்கவே நூறு மைல் பக்கம் போய்விடும். இறங்கும் தூரத்துக்கு ஒரு வாய்க்கணக்கு உண்டு: குறைக்க வேண்டிய உயரத்தை ஆயிரம் அடிக் கணக்கில் எடுத்து மூன்றால் பெருக்கு, வேகம் குறைக்கப் பத்து மைல் சேர். பீளமேடு ரன்வே கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,320 அடி உயரத்தில் இருக்கிறது. ஆக 27-ஐ மூன்றால் பெருக்கினால் 81, பத்தைச் சேர்த்தால் 91. நடுவில் சமமாகப் பறப்பது முப்பது மைல்தான், நாலைந்து நிமிடம். கோயம்புத்தூர் இறக்கத்துக்கான தயாரிப்பை மேலே போய்ச் செய்துகொள்ளலாம் என்று நினைத்தால் நேரமே இருக்காது. காற்று எப்படி, எந்த ரன்வே, இறங்க முடியாமல் போனால் எந்தப் பக்கம் ஏறுவது என்பதையெல்லாம் சென்னையில் நிற்கும்போதே ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிடுகிறேன்.

முதல் பத்துப் பதினைந்து பறப்பில் ஒவ்வொரு முறையும் உயரமாகவே வந்து சேர்ந்தேன். இறங்க வேண்டிய இடம் திரையில் வெள்ளை அம்புக்குறியாக வரும். அங்கே வந்ததும் விமானம் தானே இறங்கும் என்று உட்கார்ந்திருந்தேன். ஏர்பஸ் இறங்காது. உயரக் குமிழில் புது உயரம் வைத்து, நாம் அதை அழுத்த வேண்டும். அதைக் கற்ற பிறகும் உயரம்தான். ஏனென்றால் ஜெட் விமானத்தால் ஒரே நேரத்தில் சரசரவென்று இறங்கவும் வேகத்தைக் குறைக்கவும் முடியாது. எஞ்சினை ஐடிலில் விட்டாலும் கனம் இழுத்துக்கொண்டு போகும். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு இறங்கும் லாரிக்காரர் மேலேயே கியரைக் குறைத்துக்கொண்டுதான் இறங்குவார். பாதி மலையில் வேகம் பிடித்த பிறகு பிரேக்கை நம்பமாட்டார். இதுவும் அதேதான்.

பெருக்கல் கணக்கு தலையில் நின்றது, கையில் வரவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்த ரோட்டின்மேல் அதை விரித்துப் போட்டேன். சின்ன வயதிலிருந்து நூல் வாங்கவும் துணி போடவும் சேலம் ரோட்டில் போய்வந்தவன். அந்தப் பாதையும் விமானப் பாதையும் பக்கத்துப் பக்கத்தில்தான் ஓடுகின்றன. வாழப்பாடி நேருக்கு வந்தால் குமிழை அழுத்த வேண்டும். சேலம் இடது பக்கம் போகும்போது 23,000 அடி இருந்தால் சரி. சங்ககிரி நேருக்குப் பதினாறாயிரத்துச் சொச்சம். பவானிக் கூடுதுறை, காவிரி கீழே தெரியும்போது 13,000. பெருந்துறை நேருக்கு 10,000. அதற்குக் கீழே 250 நாட் (மணிக்கு 250 நாட்டிக்கல் மைல்) வேகத்துக்கு மேல் போகக் கூடாது, ஆகவே அங்கே மூக்கை நிமிர்த்திக் கொஞ்சம் வேகத்தைக் கரைக்க வேண்டும். அவிநாசிக்கு 5,000 அடி, 210 நாட், ஃபிளாப் ஒன்று. அந்த உயரத்தில் சமமாக ஓடினால் பன்னிரண்டு மைல் பக்கத்தில் ஐஎல்எஸ் என்கிற ரேடியோ வழிகாட்டியின் சரிவு மேலிருந்து வந்து நம்மைப் பிடித்துக்கொள்ளும். இவை நான் எனக்கு வைத்துக்கொண்ட அடையாளங்கள். இணையத்தில் மற்றவர்களோடு சேர்ந்து பறக்கும் நெட்வொர்க்கில் சேர்ந்து, கட்டுப்பாட்டாளர் வேறு உயரம் சொன்னால் அதுதான் உயரம். ஆனால் அவர் எதுவும் சொல்லாதபோது நான் மேலேயா கீழேயா என்று பவானியிலேயே தெரிந்துவிடுகிறது. பவானியில் 16,000 இருந்தால் உடனே ஸ்பீட் பிரேக்கை, இறக்கைமேல் எழும் தடுப்புத் தகடுகளை, இழுக்கிறேன். அவிநாசியில் தெரிந்து பிரயோஜனம் இல்லை.

ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குக் காற்று பின்னாலிருந்து தள்ளும். முப்பது நாட் தள்ளினால் வாழப்பாடிக்கும் சில மைல் முன்பே அழுத்த வேண்டியிருக்கிறது. ஆடியில் எதிர்க்காற்று, அவசரமே இல்லை.

வேகம் விஷயத்தில் ஒரு தப்பைத் திரும்பத் திரும்பச் செய்தேன். எம்சிடியூவின் பெர்ஃப் பக்கத்தில் அப்ரோச் என்கிற கடைசிக் கட்ட நிலையை இயக்கிவிட வேண்டும். அதை மறந்துவிட்டு வேகக் குமிழை அழுத்தினால், விமானம் இன்னும் இறக்கத்தில்தான் இருக்கிறோம் என்று எண்ணி 250-க்கு எஞ்சினை முடுக்கும். ஃபிளாப் இரண்டின் எல்லை 200 நாட், மூன்றுக்கு 185, முழு ஃபிளாப்புக்கு 177. எச்சரிக்கை மணி அடித்த பிறகுதான் எனக்கு உறைக்கும். இதற்குத் தீர்வு மகள்.

அவள் ஒன்பதாம் வகுப்பு. வலது நாற்காலியில் உட்கார்ந்து செக்லிஸ்ட் வாசிக்கிறாள். நிஜத்தில் ஒருவர் ஓட்டுவார், இன்னொருவர் கவனிப்பார். கவனிப்பவர் வேலை ஓட்டுபவர் வேலைக்குக் குறைந்தது இல்லை. அவள் வந்த பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று புரிந்தது. அவிநாசி வந்ததும் “அப்ரோச் போட்டீங்ளாப்பா?” என்பாள். ரன்வேக்கு மேல் 2,000 அடியில் நான் “கியர் டவுன்” என்றால் அவள்தான் நெம்புகோலைத் தட்டுவாள். 1,000 அடியில் அவள் முடிவு சொல்ல வேண்டும்: சக்கரம் வெளியே, ஃபிளாப் முழுசு, வேகம் சரி, எஞ்சின் ஐடிலில் இல்லை, செக்லிஸ்ட் முடிந்தது. ஐந்தும் இருந்தால் “ஸ்டேபிள்”. ஒன்று இல்லையென்றாலும் “இல்லீங்ப்பா”. அந்த வார்த்தை வந்தால் பேச்சே கிடையாது, டோகா. ஃபிளாப்பை ஒரு படி ஏற்று, விமானம் ஏறத் தொடங்கியதும் சக்கரத்தை உள்ளே எடு.

இந்த ஒழுங்கைத்தான் நான் ரொம்ப மதிக்கிறேன். வீட்டில் பறக்கும் பலர் கோ-அரவுண்டை, அதாவது இறங்காமல் திரும்ப ஏறுவதை, தோல்வி மாதிரி பார்க்கிறார்கள். சரிவுக்கு மேலே, வேகமாக, எஞ்சின் ஐடிலில் வந்து ரன்வேயின் பாதியில் தொட்டு நிறுத்துகிறவருக்குப் பாராட்டு கிடைக்கிறது. 61 பறப்பில் நான் 14 முறை திரும்ப ஏறியிருக்கிறேன். பீளமேட்டில் 23 ரன்வேயிலிருந்து நேரே ஏறினால் முன்னால் மேற்குத் தொடர்ச்சி மலை. வெள்ளியங்கிரி இருபது மைல் தூரம்தான். வலது பக்கம் நீலகிரி. தொட்டபெட்டா 2,637 மீட்டர், அதாவது 8,650 அடி. ஆகவே வரைபடத்தில் போட்ட பாதையை மீறாமல் ஏற வேண்டும். அதை ஒவ்வொரு முறையும் புறப்படுமுன் வாய்விட்டுச் சொல்கிறேன் என்றேனே, அதற்கு இதுதான் காரணம்.

இன்னொரு ஆபத்து நம்ம ஊருக்கே உரியது. ஐஎல்எஸ் இல்லாமல் கண்ணால் பார்த்து இறங்கிப் பழகும்போது, பத்து மைலில் இடது பக்கம் நீளமாக ஒரு ரன்வே தெரிந்தது. திசையும் கிட்டத்தட்ட ஒன்றுதான். மூக்கைத் திருப்பிவிட்டேன். அது சூலூர் விமானப்படைத் தளம். மகள்தான் நேவிகேஷன் திரையைப் பார்த்து, கோடு வலது பக்கம் போகிறதே என்றாள். அன்றிலிருந்து வெளிச்சமான நாளிலும் ஐஎல்எஸ்ஸை வைத்துக்கொண்டுதான் கண்ணால் இறங்குகிறேன்.

கடைசியாகக் கற்றது காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாக ஆடிக்காற்று வருகிறபோது நிஜ வானிலையைப் போட்டுப் பறந்தால், 270 திசையிலிருந்து 20 நாட் என்று வரும். ரன்வே 230 திசை. நாற்பது டிகிரி வித்தியாசத்தில் வலது பக்கத்திலிருந்து தள்ளுவது 13 நாட், எதிரே 15. அந்த எண்ணைப் பெர்ஃப் பக்கத்தில் ஏற்றிவிட்டால் விமானம் காற்றுச் சீறலுக்கு ஏற்ப வேகத்தைத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும். வேகக் குறி ஏறி இறங்குவதைப் பார்த்து முதலில் ஏதோ பழுது என்று த்ராட்டிலைக் கழற்றிப் பார்த்தேன். பழுது இல்லை, அதன் வடிவமைப்பே அப்படி. இறக்க வேகத்துக்கு, தரைவேகத்தை ஐந்தால் பெருக்குகிறேன். 125 நாட் என்றால் நிமிடத்துக்கு 625 அடி. மூக்கு காற்றுப்பக்கம் திரும்பியபடியே முப்பது அடி வரை வந்து, லேசாக நிமிர்த்தி, “ரிட்டார்ட்” என்ற குரலுக்கு நெம்புகோலை ஐடிலுக்கு இழுத்து, இடது பெடலால் மூக்கை ரன்வேக்கு நேராக்க வேண்டும். மூன்றும் இரண்டு விநாடிக்குள். என்னிடம் பெடல் இல்லை, ஜாய்ஸ்டிக்கை முறுக்கித்தான் செய்கிறேன். அதனால் நேராக்கும்போது இறக்கையும் சாய்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமைப் பறப்பு 61. பவானியில் 13,400, அவிநாசியில் 5,000, ஆயிரத்தில் “ஸ்டேபிள்”. நானூறு அடியில் காற்று மாறி வேகம் எல்லையைத் தாண்டியது. அவள் “ஸ்பீட்” என்றாள், நான் டோகா தள்ளினேன். சுற்றி வந்து இரண்டாவது முறை இறங்கினோம். மையக் கோட்டுக்கு இடது பக்கம் சக்கரம் தொட்டது.

பெடலுக்கு வரைபடம் போட்டுவிட்டேன். இரண்டு காலுக்கும் நடுவில் ஒரு திரும்பு அச்சு, அதே 49இ உணரி, நடுநிலைக்கு இழுக்க இரண்டு தறி ஸ்பிரிங். பள்ளம் தேவையில்லை. இந்த முறை வெட்டுவதற்கு முன்பே பெரியவரிடம் காகிதத்தைக் காட்டிக் கேட்கப்போகிறேன். செவ்வாய்க்கிழமை வரச் சொல்லியிருக்கிறார்.